கடைசி ஆள் சொன்னால்தான் விடணும்

லாத்தா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் பூட்ஸைப் பொய் சொல்லித்தான் வாங்கினேன். உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து உங்கள் மகள் சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த பூட்ஸ் போதும்மா, செடிக்கு மண் கொத்தும்போது போட்டுக்கிறேன்" என்றேன். ஈசூனில் பதினோராம் மாடியில் இருப்பவளுக்கு ஏது மண், ஏது கொத்து? அந்தப் பெண் சிரிக்காமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவு பொறுமை யாரிடமிருந்து வந்ததோ, உங்களிடமிருந்து இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் காலில் மாட்டினேன். பழைய தோலும் காய்ந்த புல்லும் கோடாலித் தைலமும் கலந்த வாசம் அப்படியே மூக்கில் ஏறியது. உங்களுக்கு ஒன்பதாம் நம்பர், எனக்கு ஆறு. ஒவ்வொன்றுக்குள்ளும் தமிழ்ப் பேப்பரை இரண்டு பக்கம் சுருட்டித் திணித்தேன். அப்படியும் என் கால் அதற்குள் தனிக்குடித்தனம் நடத்தியது.

லாத்தா என்றால் அக்காதானே, அந்த உரிமையில் எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஒரு வருஷமாகியும் இறங்கவில்லை. போகிற ஆள் சும்மா போனீர்களா? நம் குழுவிலிருந்து எண்பத்தாறு கிலோவைக் கையோடு எடுத்துக்கொண்டு போனீர்கள். கயிறு இழுக்க எட்டுப் பேர் வேண்டும். எடை பார்த்து யாரையாவது எட்டாவதாகச் சேர்த்துவிடலாம். கயிற்றின் கடைசியில் நிற்கிற ஆளுக்கு எங்கே போவது?

நம் மல்லிகா, உங்கள் துணிக்கடைக்கு எதிரே ரவிக்கை தைப்பவள், இப்போது அவள்தான் தலைவி. போன மாதம் என் காய்கறிக் கடைக்கு வந்து, வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இந்த வருஷம் போட்டி வேணாம்லா. லாத்தா இல்லாம நிக்க முடியாது. பேரை எடுத்துட்டு, அப்படியே கலைச்சிடுவோம்."

"முதல்ல நீ ஒடிச்ச வெண்டைக்காயை எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் திரும்பியதும், "கடைசியில நான் நிக்கிறேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? ஐம்பத்தெட்டு கிலோவா?"

"கலைக்கிறதுக்கு இது என்ன சீட்டுக்கட்டா?" என்றேன். வாய் மட்டும் எனக்கு எண்பத்தாறு கிலோ.

நினைத்துப் பார்த்தால் நம் முதல் போட்டியே ஒரு கூத்து. தேக்கா சந்தையில் கீழே காய்கறி, மீன், மேலே துணிக்கடைகள். எட்டுப் பெண்கள், எட்டு வாய். நான் "இழு" என்று கத்த, பலகாரம் விற்கிற ரோஸ்னா அதையே மலாயில் "தாரேக்" என்று கத்த, மீன்கடைச் சீனப் பெண்மணி அவர் மொழியில் ஏதோ கத்த, கயிறு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது. கடைசி ஆளாக நின்ற நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டீர்கள்: "விடாதீங்க! விடாதீங்க!"

ரோஸ்னா விட்டுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விட்டார்கள். எல்லோரும் முன்பக்கமாகப் போய் விழுந்தோம்.

நீங்கள் புல்லைத் துப்பிக்கொண்டே அவளிடம் போனீர்கள். "ஏன் புள்ள விட்டே?"

"நீங்கதானே சொன்னீங்க, விடு? நான் விட்டேன்லா. என்ன தப்பு?"

பாவம், சந்தையில் கற்றுக்கொண்ட தமிழ். 'விடு' வரைக்கும் தெரியும். 'ஆதே' வருவதற்குள் கை திறந்துவிட்டது. அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து நீங்கள் சட்டம் போட்டீர்கள். "இனிமே கயித்துல ரெண்டே வார்த்தைதான் இக்கிது. பிடி, விடு. இழுக்கும்போது எல்லாரும் 'பிடி'. 'விடு'ன்னு கடைசி ஆள் மட்டும்தான் சொல்லலாம். கடைசி ஆள் சொன்னா திரும்பிப் பாக்காம, ஏன்னு கேக்காம, எட்டுக் கையும் ஒண்ணா விடணும். அரைகுறையா விட்டா உள்ளங்கை உரிஞ்சு போவும்."

"நமக்குப் பதினாறு கை, லாத்தா" என்றேன். என்னைப் பார்த்தீர்களே ஒரு பார்வை.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! ஈசூன் திடலில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி எங்களைச் சாய வைத்தீர்கள். "கையால இழுக்குறது இல்ல புள்ள, உடம்பால சாயுறது. பின்னால போறவங்க ஜெயிக்கிற ஆட்டம் இது ஒண்ணுதான்." மழை பெய்தாலும் உண்டு. என் மாமியாருக்குக் காய்ச்சல் என்றாலும் உண்டு. பரோட்டாவைக் கண்ணால் பார்த்தாலே திட்டு.

இடையிடையே சரித்திரப் பாடம் வேறு. தொடக்கநிலைப் பள்ளியைத் தாண்டாத எனக்கு அதெல்லாம் எதற்கு? சேலையை முழம் போட்டுக்கொண்டே சொல்வீர்கள். இந்த ஆட்டம் ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்ததாம், ஐந்து முறையோடு தூக்கிவிட்டார்களாம். அந்த ஆட்களைக் கேள்வி கேட்கப் போகிற மாதிரி ஒவ்வொரு முறையும் உங்களுக்கு மூச்சு வாங்கும். கொரியாவிலும் ஜப்பானிலும் வைக்கோலில் ஆள் பருமனுக்குக் கயிறு திரித்து, ஊரே இரண்டாகப் பிரிந்து விளைச்சலுக்காக இழுக்குமாம். பர்மாவில் மழை வேண்டி இழுப்பார்களாம்.

"நாங்க தேர் இழுக்குறோமே, அதுவும் இதுதானே?" என்று சீண்டினேன்.

"அதுல எதிர்ப்பக்கம் ஆளு எங்க? எதிர்ல ஆளு இல்லாட்டி அது ஆட்டம் இல்ல, வேலை."

லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு குழு கனத்த பூட்ஸோடு வந்து நின்றதாம். எதிர்க்குழு ஒரே இழுப்பில் தோற்று, கோபித்துக்கொண்டு போய்விட்டதாம். அந்தக் கதையைப் படித்த வாரமே பழைய சாமான் கடையில் இந்த பூட்ஸை வாங்கி வந்தீர்கள். ஆண்கள் பூட்ஸ். குதிகாலை மண்ணில் ஊன்றினால் உங்களை எடுக்க கிரேன் வர வேண்டும்.

அப்படி நின்ற ஆள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணை உறை மாதிரிக் கிடந்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தாதி ஊசியோடு வந்து நின்றார். நீங்கள் கண்ணைத் திறக்காமலேயே, "விடு புள்ள, ரத்தம் எடுக்கணுமாம்" என்றீர்கள்.

விட்டுவிட்டேன். உடனே. திரும்பிப் பார்க்காமல், ஏன் என்று கேட்காமல். கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அதற்குத்தான் கோபம். இன்னொரு கை இருந்ததே, லாத்தா, அதில் எடுக்கச் சொல்லியிருக்கலாமே? அத்தனை வருஷம் எங்களை அந்த ஒரு சொல்லுக்குப் பழக்கிவைத்து, கடைசியில் அதை என் மேலேயே போட்டீர்கள். இப்போதும் கடையில் யாராவது "பரவால்ல, விடுங்கக்கா" என்றால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பூசணி போயிற்று.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதலில் நல்ல செய்தி. குழு கலையவில்லை. திடலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே மல்லிகா அடுத்த வருஷத்துக்கும் பேர் கொடுத்துவிட்டாள். கடைசி ஆள் நான்தான். என் தோளில் கயிறு பதிந்த இடம் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. உங்களுக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். "அந்த 'விடு'வை மட்டும் மாத்திடலாம்க்கா" என்று மல்லிகா கெஞ்சினாள். முடியாது என்றேன்.

அவள் ஏன் கெஞ்சினாள் என்றால், இப்படி நடந்தது.

கிளமெண்டி வட்டாரப் பெண்கள் எதிரே. முதல் இழுப்பு அவர்களுக்கு, இரண்டாவது நமக்கு. மூன்றாவதில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நீங்கள் செய்வது போலக் கயிற்றை அக்குளுக்கடியில் விட்டு, முதுகில் குறுக்காக ஏற்றி, தோள் வழியாகக் கொண்டுவந்தேன். விசில் ஊதியதும் சாய்ந்தோம். "பிடி! பிடி!" ஏழு முதுகும் ஒன்றாகச் சாய்ந்தன. கயிற்றின் சிவப்புக் குறி நம் பக்கம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் ஓரடி.

காலையில் மழை பெய்திருந்தது. உங்கள் இடது பூட்ஸ் சேற்றில் கணுக்கால் வரை இறங்கிவிட்டது. நான் பின்னால் போக வேண்டும். பூட்ஸ் வரமாட்டேன் என்றது. ஆத்திரத்தில் குனிந்து அதைப் பார்த்துக் கத்தினேன்:

"விடு! சனியனே, விடு!"

ஏழு பேரும் விட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

கிளமெண்டிக்காரர்கள் எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள். கயிறு என்னைச் சுற்றியிருந்ததால் நான் அவர்கள் பக்கம் போனேன், குப்புற. சிவப்புக் குறியும் என்னோடு வந்தது, கோப்பை போயிற்று. பூட்ஸ் மட்டும் நம் பக்கத்திலேயே நின்றது. அதைப் பிடுங்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உள்ளே இருந்த பேப்பர் நனைந்துவிட்டது. அதில் நான் இன்னும் படிக்காத ராசிபலன் இருந்தது.