கூவச் சொல்லிக்கொடுத்த பெயர்

நேப்பிள்ஸ்
செவ்வாய் மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதப்போகிறேன், பயப்படாதீர்கள். முழங்கால் வலி குறைந்ததா? நானும் சித்தியும் நலம். பள்ளியும் பிடித்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் மாஃபியா கும்பலைப் பற்றிய சினிமா எடுக்கிறார்கள். போலீஸ் வந்தால் இங்கே கும்பலுக்காகக் காவல் நிற்பவர்கள் எப்படி எச்சரிப்பார்கள் என்று இயக்குநர் கேட்டார். "கார்மேலான்னு ஒரு பொண்ணு பேரைக் கூவுவாங்க, சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

இன்று நடிகர் மொட்டைமாடியிலிருந்து அப்படியே கூவினார். கீழே நிஜக் கும்பல் போதைமருந்தையெல்லாம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டது. படக்குழு விழுந்து விழுந்து சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை.

"யாருடி சொல்லிக்கொடுத்தது? நீதானே, புத்தகப் புழு?"

"கேட்டாங்க, சித்தி."

"கேட்டா? இது என்ன பரீட்சையா, ஓடிப்போய் பதில் சொல்ல?"

சொன்னது யாரென்று கும்பல் தலைவர் தொன் சால்வோவின் ஆள் வீடு வீடாக விசாரிக்கிறான். நான்காம் மாடி முடிந்துவிட்டது, நாங்கள் ஐந்தாவது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நீங்களே ரயிலேறிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் ஃபிலொமேனா

கையெழுத்து கோணியிருந்தால் மன்னியுங்கள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சித்தி விளக்குகளை அணைத்துவிட்டார்.