ஆத்தா கையெழுத்துப் போடவில்லை

ஆவணி மாதம், புதன் இரவு

மகள் செல்விக்குக் கல்லூரி உதவித்தொகை நின்றுவிட்டது. அம்மை போட்டு வீட்டில் கிடந்ததில் வருகைப் பதிவு குறைந்துபோயிற்றாம். மறுபடி கேட்டு மனு எழுதியவள், இன்று திண்டிவனத்தில் கல்லூரி முதல்வர் முன் என்னையும் உட்கார வைத்தாள்.

“டாக்டர் சர்டிபிகேட் இல்லையா?” என்றார் முதல்வர்.

“நீ சும்மா இருப்பா,” என்று செல்வி காதைக் கடித்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வாய் மட்டும் நிற்காது.

“ஆத்தா எறங்கியிருக்கறப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவமாட்டோங்க மேடம். வேப்பிலையிலதான் படுக்க வச்சோம். ஆத்தா கையெழுத்தா போடுவாங்க?”

முதல்வர் சிரித்துவிட்டார். செல்வியின் கன்னத்துத் தழும்பைப் பார்த்தார். திங்கட்கிழமை முடிவு சொல்வாராம். உதவித்தொகை இல்லையென்றால் விடுதியைக் காலி செய்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

“மானத்த வாங்கிட்டியேப்பா,” என்று சிரித்தபடியே பஸ் ஏற்றிவிட்டாள்.

விழுப்புரம் தாண்டியபோதுதான் மடியில் இருந்த பை நினைவுக்கு வந்தது. அவளுக்கென்று அவித்து எடுத்துப்போன மல்லாட்டை, தோலோடு வேர்க்கடலை. கொடுக்கவே இல்லை.

வீட்டில் அவள் படுத்திருந்த மூலை இப்போது காலியாக இருக்கிறது. அம்மை கண்ட நாட்களில் நொடிக்கொரு தரம் “ப்பா” என்பாள். மனு தள்ளுபடியானால் அதே மூலையில் உட்கார்ந்து இதை உரித்துத் தின்பாள்.

அவள் வரக்கூடாது என்று ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டேன். பிறகு இரண்டை நானே உரித்துத் தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.