சாந்தி இல்லாத பத்தொன்பது பக்கங்கள்

என் செல்ல அக்கா பத்மாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பிளெய்ன்ஸ்பரோவில் உன் அபார்ட்மெண்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். ரஷ்யப் புத்தகங்களை உன் கல்லூரி மாணவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அச்சுக்குத் தயாராக நீ முடித்து வைத்திருந்த புத்தகம் மட்டும் என்னோடு டெக்சாஸுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

அக்கா என்ன எழுதுகிறாள் என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்வேன். புரட்சியில் வீடு வாசல் இழந்து, வெளிநாட்டில் சின்ன அறைகளில் காலம் தள்ளிய ரஷ்யப் பிரபு குடும்பத்துப் பெண்கள் வயதான பிறகு தங்கள் சின்ன வயதை எப்படி எழுதினார்கள் என்று. பெரிய தோட்டம், பனியில் ஓடும் வண்டி, பிரெஞ்சு டீச்சர். விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்துப் போகும் அம்மா. நாள் முழுக்கக் கூடவே இருக்கும் ஆயா. அம்மாவை எட்ட நின்று பார்த்தவர்கள் ஆயாவை உருகி உருகி எழுதியிருக்கிறார்கள் என்பாய்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் உனக்குக் கோபம் வரும். போனில் கத்துவாய். "பால் குடுக்க வந்த ஆயாவுக்கும் ஒரு குழந்தை இருந்திருக்கும் இல்ல? அது எங்க போச்சு கௌரி? அத்தனை பக்கம் எழுதறா, அதுக்கு ஒரு வரி இல்ல!" நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே 'ம்' கொட்டுவேன்.

கடைசி அத்தியாயம் நம் பொள்ளாச்சி வீட்டைப் பற்றியது என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. பத்தொன்பது பக்கம். அப்பாவின் கிளினிக், எந்நேரமும் லேடீஸ் கிளப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் அம்மா, நம்மை வளர்த்த பழனியம்மாள். உனக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் தன் வீட்டுக்கே போகாமல், நீ முகத்தைச் சொறிந்துவிடாதபடி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாடிய பழனியம்மாள். 'என் முகத்தில் இன்றுவரை ஒரு தழும்பு இல்லை' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அழுதேன் அக்கா. சந்தோஷமாகத்தான் அழுதேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே அதைச் சாந்திக்கு அனுப்பினேன்.

பழனியம்மாளின் மகள் சாந்தி. நர்ஸ் படித்து, குவைத்தில் வேலை பார்த்து, இப்போது ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பவர். மூன்று வருடம் முன்பு பேர்லேண்ட் கோயிலில் என்னைப் பார்த்து, "நீங்க டாக்டரய்யா வீட்டுச் சின்னப் பொண்ணுதானுங்களே?" என்று கேட்டவர். அன்று சாயங்காலமே உனக்குச் சொன்னேன். "நம்ம பழனியம்மா பொண்ணா! நம்பர் குடு, பேசணும்" என்றாய். பேசவில்லை. அப்போது உனக்கு நோய் எதுவும் வரவில்லை.

அனுப்பி ஒரு வாரம் சத்தமே இல்லை. போன சனிக்கிழமை டியூட்டி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா நல்லா எழுதியிருக்காங்க. ரெண்டு தடவ ரீட் பண்ணேனுங்க" என்றார். "அதுல நான் எங்கீங்க?"

காபியைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பதினோரு நாளும் எனக்கும் அம்மைங்க. அப்ப ஊர் பூரா இருந்துச்சு. மாமன் வீட்டுத் தாழ்வாரத்துல பாயப் போட்டு விட்டுட்டாங்க. எங்கம்மா ஒரு நாள் லீவு கேட்டாங்களாம். 'பாப்பா உன்னையத்தான் தேடறா, நீ போயிட்டா யார் பார்ப்பாங்க'ன்னு உங்கம்மா சொல்லிட்டாங்களாம்."

நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். புருவத்துக்கு மேலே இரண்டு குழி. "சொறிஞ்சுட்டேன். புடிச்சுக்க ஆள் இல்ல" என்றார். அழவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற நிதானத்தில்தான் சொன்னார்.

எனக்கு அப்போது நாலு வயது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. நம் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் எப்போதாவது வந்து உட்கார்ந்திருப்பாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. நானே மறக்கவில்லை, உனக்கு வயது ஒன்பது. நீ அவளைப் பார்த்ததே இல்லையா? அல்லது பார்த்தும், எழுத உட்கார்ந்தபோது அவள் வரவில்லையா? ரஷ்யாவில் தேடத் தெரிந்த உனக்கு, நம் வீட்டுக் கொல்லைப்புறம் எப்படித் தெரியாமல் போனது? இதைக் கேட்கத்தான் யாருமில்லை இப்போது.

"அந்த அத்தியாயத்தையே எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தப்பித்துக்கொள்ளத்தான் கேட்டேன், உன்னிடம் பொய் சொல்வானேன்.

சாந்தி நிமிர்ந்து பார்த்தார். "எடுத்தா எங்கம்மாவும்ல போயிருவாங்க? அவங்க பாடுவாங்கன்னே இதப் படிச்சுத்தானுங்க எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தா சோறு வெச்சுட்டுத் தூங்கிருவாங்க. ஒரு நாளும் பாடுனதில்ல." பிறகு, "என்ன பாட்டுங்க அது?" என்றார்.

எனக்கு மெட்டு நினைவிருந்தது. இரண்டு வரிக்கு மேல் வார்த்தை வரவில்லை. தெரிந்ததைப் பாடிக் காட்டினேன். அந்தப் பாட்டை அவருக்கு நான் பாடிக் காட்டுவதே ஏதோ திருட்டுப் போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னொருக்காப் பாடுங்க" என்றார். பாடினேன். போனில் பதிவு செய்துகொண்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்க அக்கா மேல கோவமில்லைன்னு சொல்ல மாட்டேனுங்க" என்றார். "எம் பங்க நானே எழுதறேன். பாவம் பாவம்னு நீங்க எதுவும் சேத்தாதீங்க."

நேற்று நாலு பக்கம் வந்தது. தமிழில், கையெழுத்தில். ஆங்கிலத்துக்கு நான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் நம் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். படிக்க முடியவில்லை, ஆனால் பொய் இல்லை. பதிப்பகத்தில் கேட்டேன். எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் எதையும் சேர்ப்பது கஷ்டம், பேசிச் சொல்கிறோம் என்றார்கள். ஒப்புதல் தர நீ இல்லை. தந்திருப்பாயா என்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். நீ எழுதியதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். அது முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் சாந்தியின் நாலு பக்கமும் அவர் பெயரோடு வரும். பதிப்பகத்தார் முடியாது என்றால், நீ இத்தனை வருடம் பாடுபட்ட புத்தகம் என்னோடு இந்த வீட்டிலேயே இருக்கும். நீ என்னை மன்னிக்காவிட்டாலும் சரி.

உன்னை இன்னும் தினமும் தேடுகிற, உன்னோடு முதல் முறையாகச் சண்டை போடுகிற,
உன் கூடப்பிறந்தவள்
கௌரி