பதினேழுக்கு ஒரு கண்ணாடி

மார்ச் 3

பதினேழாம் எண் ஆடு இன்றும் தீவனத்தைத் தொடவில்லை. மனிதருக்கு வைக்குமுன் சோதித்துப் பார்க்க இதயத்தில் பம்பு பொருத்தி இன்று நாற்பத்திரண்டாம் நாள். விலாவிலிருந்து வரும் வயர், பெட்டியில் ஓடும் எண்கள், எல்லாம் சரி. பக்கத்துக் கொட்டடியில் துணைக்கு நின்ற ஆட்டை நேற்று வேறு சோதனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து இவள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பம்பு எஞ்சினியருக்கு நாங்கள் வைத்த பெயர் புள்ளிவிவரம். "ரத்த ஓட்டம் பிரமாதமா இருக்கு, அப்புறம் என்னக்கா?" என்கிறார். பெட்டிக்குப் பசிக்காதே, அவருக்கென்ன!

கால்நடை டாக்டரம்மா மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னும் மூணு நாள்ல சாப்பிடலேன்னா நிறுத்திடணும்." நிறுத்துவது என்றால் கடைசி ஊசி. இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மார்ச் 4

தங்கை போன் செய்தாள். "சாப்பிட்டியாக்கா?" "ஆச்சுடி." இரண்டு பிஸ்கட், நின்றபடியே. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருடமாக இதே பொய்.

மார்ச் 5

கண்ணாடி வைத்தால் துணை இருக்கிறதென்று நினைத்து ஆடு அடங்குமாம், டாக்டரம்மா படித்திருக்கிறார். வாங்க அனுமதி வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரம்! அதுவரை இவள் இருக்க வேண்டாமா?

வீட்டுக்குப் போய், அவர் தலை வாரும் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பிக்கு வெளியே கட்டினேன். முதலில் முறைத்தாள். பிறகு மூக்கை ஒட்டி முகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாய். இன்னொரு வாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. ச்சே, ஆட்டுக்குப் போய்.

தீவனம்: பாதி.

மார்ச் 9

தீவனம்: முழுவதும்.

ஏப்ரல் 2

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் துடிப்பைவிட பம்பின் ரீங்காரம்தான் பெரிதாகக் கேட்கிறது. பழகிவிட்டது. என் காலடி கேட்டாலே தலையைத் தூக்குகிறாள்.

சாப்பிடு, சாப்பிடு என்று ஊட்டுகிறேன். எதற்கு? தொண்ணூறாம் நாள் வரை போவதற்கு. அன்றைக்கு அறுத்துப் பார்ப்பார்கள். நான் இவளக் காப்பாத்தறேனா, கொண்டுபோய் விடறேனா? யார்கிட்ட போய்க் கேக்கறது இத?

ஏப்ரல் 20

தொண்ணூறு.

ஊசி போடும்போது நானே கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சாய்ந்தாள்.

பம்பில் ரத்தக்கட்டு இல்லை. சிறுநீரகம் சுத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளிவிவரம் முகம் கழுவப் போனவர் வெகு நேரம் திரும்பவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. பாவம், அவரைக் கொஞ்சமாகவா திட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 21

கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கீழ்ப்பாதி முழுக்க மூக்குத் தடம்.

ஏப்ரல் 22

மேசையில் எனக்கு எதிரே சாய்த்து வைத்து, தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அவளுக்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா என்று ஒரு நப்பாசை. கண்ணாடியில் ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரண்டு பேருக்குமே இறங்கவில்லை.

தங்கை வழக்கம்போலக் கூப்பிட்டாள். "சாப்பிட்டியாக்கா?"

"இல்லடி. ரொம்ப நாளாவே இல்ல. தனியா இறங்க மாட்டேங்குது."

பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி! "இத்தன நாளா என்கிட்ட பொய் சொல்லியிருக்க இல்ல? நாளைக்குக் காலையில வரேன், இருக்கு உனக்கு."

கண்ணாடியைத் துடைக்காமலே பழைய ஆணியில் மாட்டினேன். இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.