ஃபேன் ஓடிய நேரத்தில் போட்ட ஸ்லைடு

மே 14, வியாழன்.

சளி ஸ்லைடுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும்போது ஃபேனை நிறுத்திவிடுவது எங்கள் லேப் வழக்கம். ஸ்லைடைச் சூடாக்கும் சுடர் காற்றில் ஆடினால் சூடு போதாது, காசநோய்க் கிருமியில் சாயம் ஏறாது. இன்று புழுக்கம் தாங்காமல் ஓடவிட்டேன்.

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வந்திருந்தார். "ஒண்ணுமில்லண்ணா" என்று அவரை அனுப்பிய பிறகுதான், கூடவே சாயமேற்றிய சோதனை ஸ்லைடைப் பார்த்தேன். கிருமி நிச்சயம் இருக்க வேண்டிய அதிலும் ஒன்றுமில்லை. ஃபேனை நிறுத்தி, அவர் சளியில் மறுபடி ஸ்லைடு போட்டேன். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள், நிறையவே.

போன் செய்தேன்.

"பஸ்ல ஏறி உக்காந்துக்கினு இருக்கேன் மேடம்."

"இறங்கி வந்துடுங்கண்ணா. மாத்திரை ஆரம்பிக்கணும்."

வந்தார். டாக்டர் இன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டார். "மூணு மாசமா பேஜாரு. இன்னான்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். கிளம்பும்போது வியர்த்து நின்ற என்னைப் பார்த்து, "இந்த வெயில்ல ஃபேன்கூட போட்டுக்காம வேல செய்றீங்க, பாவம்" என்றார்.

தலையாட்டி வைத்தேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது, அந்த ஃபேனைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும்.