எதிர்வீட்டு கேட்

வெள்ளிக்கிழமை, இரவு.

வாடகைக்கு விடலாம் என்று தம்போயில் நான் வாங்கிய முதல் வீடு இன்னும் காலியாகக் கிடக்கிறது. அடுத்த மாதம் பேங்க் தவணை தொடங்கிவிடும். இன்று விளம்பரம் எழுத வந்த ஏஜெண்ட் குமார் சொன்னான்: “பாட்டி, நம்ம தமிழாளுங்க வேணாம்னு போட்டுரலாம்லா. சாம்பிராணி போட்டே சுவர கருப்பாக்கிடுவாங்க.”

“அப்ப நீ எந்த ஆளுப்பா?” என்றேன். சிரித்து மழுப்பினான்.

இளவயதில் ஒருநாள், கைப்பிள்ளையோடு அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு நின்றேன். கேட்டைத் திறக்காமலே ஒருத்தி, சாம்பிராணி, சுவர் என்று இதையேதான் சொன்னாள். அவள் கட்டியிருந்த பச்சைக் கைலி இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் வீட்டுக்கு எதிரே விலைக்கு வந்ததால்தான் இதை வாங்கினேன்.

அந்த வரி வேண்டாம் என்று குமாரிடம் சொல்லிவிட்டேன். வாடகை ஒழுங்காக வருமா என்றுதான் கொஞ்சம் கவலை... வரும். சுவர் கறுத்தால் பெயிண்ட் அடிப்பேன். சாம்பிராணி வாசனை எதிர்வீடு வரைக்கும் போகட்டும்.