சுகன்யாவுக்கும் சோதிக்க வேணுமாம்

வெள்ளி இரவு, ஐப்பசி

அக்காவின் மகன் ரமணனுக்கு மூன்றாவது கருவும் தங்காத காரணம் தெரிந்துவிட்டது. அவனுடைய குரோமோசோமில் இரண்டு துண்டுகள் இடம் மாறியிருக்கின்றனவாம். ஒன்றும் குறையாததால் அவனுக்கு ஒரு நோயுமில்லை. பிள்ளைக்குப் போகும்போதுதான் பிசகுகிறதாம். நாங்கள் அவன் மனுசியைத்தான் கந்தசஷ்டி விரதம் பிடிக்க வைத்தோம்.

போனில் சொன்னான்: "சித்தி, அம்மாவிட்ட இருந்துதான் வந்ததாம். நீங்களும் உங்கட மகளும் ஒருக்கா சோதிக்க வேணும்."

"சுகன்யாவுக்குத் தையில கலியாணமடா! மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"சாதகம் குடுத்தனீங்கள்தானே சித்தி? இதையும் குடுங்கோ."

சுகன்யா பக்கத்து அறையில் லவால் நகரத்து மாப்பிள்ளையோடு போனில் பிரெஞ்சில் சிரித்துக் கதைக்கிறாள். சாமி விளக்கை அணைத்துவிட்டு வந்தேன், கதவைத் தட்டவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, நல்ல விசயம் தொடங்கக் கூடாது. இது நல்ல விசயமில்லையே. நாளைக்கே சொல்லலாம்.